"ஆஃபீஸ் குளோஸ்டு சார்": டெல்லிக்கு முதல் தடவை வர்ற நம்மாளுங்களுக்கு

பாஸ்போர்ட், விசா கேக்க மாட்டாங்களே தவிர முதல் தடவை வர்றவங்களுக்கு டெல்லி வெளிநாடுதான். போர்டு படிக்க வராது, ஆட்டோக்காரர் சொல்ற ரேட்டு புரியாது, கூட்டத்துல யாரு நிஜமாவே உதவ வர்றாங்க யாரு பையைப் பாக்குறாங்கன்னு கண்டுபிடிக்கத் தெரியாது. நான் கல்யாணமாகி இங்க வந்து இருபத்தி ரெண்டு வருஷம் ஆகுது, மயூர் விஹார்ல இருக்கோம், மே மாசமும் டிசம்பர் லீவுலயும் திருநெல்வேலிலேருந்து யாராவது வந்து இறங்கிக்கிட்டே இருப்பாங்க, தாஜ்மஹால் பாக்கணும், ஹரித்வார் போகணும், அப்படியே காசின்னு. ஒவ்வொருத்தருக்கும் போன்ல அதையே சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு, அதான் மொத்தமா எழுதி வச்சுட்டேன், இனிமே யார் கேட்டாலும் இதை அனுப்பிட வேண்டியதுதான்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். டெல்லிக்காரங்க எல்லாம் திருடங்கன்னு நினைச்சுக்கிட்டு வராதீங்க. போன தடவை வந்த எங்க மதினி மெட்ரோவுல பையை ஸ்கேனர்ல வைக்கச் சொன்ன செக்யூரிட்டி பொண்ணுகிட்டயே "எதுக்குக் கேக்குற"ன்னு சண்டைக்குப் போயிட்டாங்க, அது ஓவர். நான் கண்ட கணக்கு ரொம்ப சிம்பிள். நீங்களா ஒரு டீக்கடைக்காரரையோ பூ விக்கிற அம்மாவையோ குழந்தையோட போற குடும்பத்தையோ பாத்து வழி கேட்டீங்கன்னா அனேகமா சரியாத்தான் சொல்லுவாங்க, சில பேர் கூடவே நடந்து வந்து காட்டிட்டும் போவாங்க. ஆனா நீங்க கேக்காமலே உங்களைத் தேடி வந்து "எங்க போகணும், எந்த ஊரு, மெட்ராஸா, ஓ ரஜினி"ன்னு ஆரம்பிக்கிறான் பாருங்க, அவன்கிட்டதான் உஷாரா இருக்கணும். யார் யாரைத் தேடி வந்தாங்கங்கிறதை மட்டும் கவனிங்க, கீழ நான் சொல்ற அத்தனை கதையிலயும் அதுதான் வரும்.

ஸ்டேஷன்ல

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் நியூ டெல்லி ஸ்டேஷனுக்கு வரும், திருக்குறள் எக்ஸ்பிரஸும் மதுரைலேருந்து வர்ற சம்பர்க் கிராந்தியும் ஹஸ்ரத் நிஜாமுதீன்ல நிக்கும், ரெண்டும் வேற வேற இடம், முதல்ல உங்க டிக்கெட்டுல எது போட்டிருக்குன்னு பாத்துக்கோங்க. நியூ டெல்லி ஸ்டேஷனுக்கு ரெண்டு பக்கம் வாசல். ஒண்ணாவது பிளாட்ஃபார்ம் பக்கம் பஹார்கஞ்ச், பதினாறாவது பிளாட்ஃபார்ம் பக்கம் அஜ்மேரி கேட், மெட்ரோ இருக்கிறது அஜ்மேரி கேட் பக்கம். இது தெரியாம பஹார்கஞ்ச் வாசல்ல பெட்டியோட முழிச்சுக்கிட்டு நின்னா ரெண்டு நிமிஷத்துல ஆள் வந்துரும்.

ஆனா வந்து இறங்குறப்ப அவ்வளவு ஆபத்து இல்ல, இங்கேருந்து வேற ஊருக்கு ரயில் ஏறப் போறப்பதான் மாட்டுவீங்க. எங்க சித்தப்பா கதையச் சொல்றேன். ஹரித்வாருக்கு கன்ஃபர்ம் டிக்கெட் கையில பிரிண்ட் எடுத்து வச்சிருக்காரு, ஸ்டேஷன் வாசல்ல கழுத்துல ஒரு அட்டை மாட்டின ஆளு வந்து "டிக்கெட் காட்டுங்க"ன்னான், இவரு டிடிஇ-ன்னு, அதாவது ரயில்வே டிக்கெட் செக்கர்னு நினைச்சு காட்டிட்டாரு. அவன் பாத்துட்டு "இந்த வண்டி கேன்சல் சார், ரீஃபண்ட் வாங்கிட்டு வேற டிக்கெட் போடணும், டூரிஸ்ட் ஆஃபீஸ் இங்க குளோஸ்டு சார், கன்னாட் பிளேஸுக்கு மாத்திட்டாங்க, வெறும் அம்பது ரூபா ஆட்டோ"ன்னு ரொம்ப மரியாதையா ஆட்டோ வேற புடிச்சு குடுத்தான். போன இடத்துல ஏசி ரூம், சுவத்துல இந்தியா மேப்பு, கம்ப்யூட்டர், டை கட்டின ஒருத்தன். அவன் ரயில்வே என்கொயரிக்குப் போன் போடுறேன்னு போட்டு ஸ்பீக்கர்ல விட்டான், அந்தப் பக்கம் ஒருத்தன் "யெஸ் சார் டிரெயின் கேன்சல்டு"ங்கிறான். அப்புறம் என்ன, சித்தப்பா ஒன்பதாயிரம் குடுத்து கார் பேசி ஏறிட்டாரு, மீரட் தாண்டினப்புறம்தான் எனக்குப் போன் பண்ணி பெருமையா சொல்றாரு, "ரயில் கேன்சல் ஆயிருச்சும்மா, நல்ல வேளை ஒரு பையன் உதவி பண்ணான்". நான் செக் பண்ணிப் பாத்தா ரயில் கரெக்ட் டைமுக்குக் கிளம்பிப் போயிருக்கு. அவருகிட்ட இன்னிக்கு வரைக்கும் முழுசா சொல்லல, மனசு விட்டுருவாரு.

இதுல கவனிக்க வேண்டியது அந்த போன்தான். அவன் போன்ல அவன் டயல் பண்ண நம்பர் அவன் கூட்டாளியோடது. அதனால எதுவா இருந்தாலும் உங்க போன்ல, நீங்களே நம்பர் அடிச்சு, 139-க்குப் போடுங்க, இல்ல ரயில்வேயோட என்டிஇஎஸ் ஆப்ல வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்க, இல்ல உள்ள பெரிய டிஸ்ப்ளே போர்டு இருக்கு அதைப் பாருங்க. டிடிஇ டிக்கெட் செக் பண்ணலாம், ஆனா எந்த டிடிஇ-யும் உங்களை ஸ்டேஷனுக்கு வெளிய ஒரு ஆஃபீஸுக்கு ஆட்டோல ஏத்தி அனுப்ப மாட்டாரு. டிக்கெட்டுல ஸ்டாம்ப் அடிக்கணும், போர்டிங் பாஸ் வாங்கணும், கன்ஃபர்மேஷன் சார்ஜ் கட்டணும், இதெல்லாம் ரயில்ல கிடையாது.

மலேசியா, சிங்கப்பூர், கனடாலேருந்து வர்ற சொந்தக்காரங்களுக்கு இது இன்னும் கொஞ்சம் முக்கியம். வெளிநாட்டு பாஸ்போர்ட் இருக்கவங்களுக்குன்னு டிக்கெட் குடுக்கிற ரயில்வே ஆஃபீஸ் நிஜமாவே இருக்கு, பஹார்கஞ்ச் பக்கம் ஸ்டேஷன் கட்டிடத்துலயே முதல் மாடியில. அந்த மாடிப்படிகிட்ட நின்னுக்கிட்டுத்தான் "மேல ஒண்ணும் இல்ல, எரிஞ்சு போச்சு, ரிப்பேர்"னு திருப்பி விடுவானுங்க. காதுல வாங்காம படியேறிப் போய்ப் பாருங்க. அதே மாதிரி மத்திய அரசோட டூரிஸ்ட் ஆஃபீஸ் 88, ஜன்பத். அதைச் சுத்தியும் கன்னாட் பிளேஸ் முழுக்கவும் "டூரிஸ்ட் இன்ஃபர்மேஷன்"னு போர்டு மாட்டின தனியார் கடைங்க ஏகப்பட்டது, அரசாங்க ஆஃபீஸ் மாதிரியே இருக்கும். எண்பத்தெட்டான்னு பாத்துட்டு உள்ள போங்க, அங்க உங்களை ஸ்ரீநகர் ஹவுஸ்போட் பேக்கேஜ் எடுக்கச் சொல்லி வற்புறுத்தினா நீங்க வேற எங்கயோ இருக்கீங்கன்னு அர்த்தம்.

இதே ஸ்டேஷன்ல நடந்த இன்னொண்ணு, டூரிஸ்ட் விஷயம் இல்ல, ஆனா சொல்லாம இருக்க முடியல. 2022-ல தமிழ்நாட்டுலேருந்து 28 பேரை ரயில்வே வேலைன்னு கூட்டிட்டு வந்து, டிரெயினிங்குன்னு சொல்லி, நியூ டெல்லி ஸ்டேஷன்ல தினம் எட்டு மணி நேரம் வர்ற போற ரயிலையும் பெட்டியையும் எண்ண வச்சாங்க, ஒரு மாசம். மொத்தம் 2 கோடியே 67 லட்சம் போச்சு. பேப்பர்ல படிச்சப்ப சிரிச்சவங்களும் உண்டு, எனக்கு சிரிப்பு வரல. டெல்லில ஆள் இருக்கு, மினிஸ்ட்ரில தெரிஞ்சவர் இருக்காருன்னு ஊர்ல யாராவது சொன்னா இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

வண்டி, வாடகை, அப்புறம் அந்த ஹிந்தி நம்பர்

ஏர்போர்ட்ல இறங்குறவங்களுக்கு நான் சொல்றது எப்பவும் மெட்ரோதான். டெர்மினல் மூணுலேருந்து ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் லைன் நேரா நியூ டெல்லி ஸ்டேஷன் வரைக்கும் வருது, டெர்மினல் ஒண்ணுன்னா மெஜந்தா லைன் ஸ்டேஷன் வாசல்லயே இருக்கு. ராத்திரி லேட்டுன்னாலோ லக்கேஜ் நிறையன்னாலோ டிராஃபிக் போலீஸ் நடத்துற ப்ரீபெய்டு பூத்துல போடுங்க, அங்க ஒரு சீட்டு குடுப்பாங்க, அந்தச் சீட்டை வண்டி வீட்டு வாசல்ல நின்னப்புறம்தான் டிரைவர்கிட்ட குடுக்கணும், ஏறினவுடனே கேப்பாரு, குடுக்காதீங்க, அந்தச் சீட்டுதான் அவருக்குப் பணம். ஆப்ல புக் பண்ணா நம்பர் பிளேட் பாத்துட்டு ஓடிபி சொல்லுங்க. "ஓலா ஓலா, ஊபர் ஊபர்"னு வெளிய வந்து கூப்பிடுறவங்க யாரும் உங்க புக்கிங் இல்ல. "கேன்சல் பண்ணிட்டு கேஷா குடுங்க"ன்னு சொன்னா வேற வண்டி பாத்துக்கலாம், அவசரம் ஒண்ணும் இல்ல.

வண்டில ஏறினப்புறம் இன்னொரு பழைய டிராமா இருக்கு. "உங்க ஹோட்டல் ரோடு மூடியிருக்கு, அங்க கலாட்டா, ஹோட்டல் ஃபுல் ஆயிருச்சாம்"னு ஆரம்பிச்சு, வேற ஹோட்டலுக்குக் கொண்டு போய் விடுவாங்க, அதுல அவங்களுக்கு கமிஷன். பஹார்கஞ்ச்ல ஒரே மாதிரி பேருல பல ஹோட்டல் இருக்கறதால ஏமாத்துறது ரொம்ப சுலபம். ரயில்ல வர்றப்பவே ஹோட்டலுக்கு நீங்களே போன் பண்ணி "வர்றேன்"னு சொல்லிடுங்க, நம்பரை சேவ் பண்ணி வைங்க, மேப்பை ஆன் பண்ணி டிரைவருக்குத் தெரியுற மாதிரி கையில வச்சுக்கோங்க. பாதிப் பேச்சு அதுலயே அடங்கிரும்.

ஆட்டோ மீட்டர் 2023 ஜனவரில மாத்தினப்ப முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30 ரூபா, அப்புறம் கிலோமீட்டருக்கு 11 ரூபான்னு வச்சாங்க, ராத்திரி பதினொண்ணுலேருந்து காலைல அஞ்சு வரைக்கும் கால் பங்கு கூட. இது தெரிஞ்சிருந்தா அவர் சொல்ற ரேட்டு நியாயமா இல்லையான்னு மனசுக்குள்ள ஒரு கணக்கு போட்டுக்கலாம். "பையா, மீட்டர் ஸே சலோகே?"ன்னு (அண்ணே, மீட்டர் போட்டு வருவீங்களா) கேளுங்க, பாதிப் பேர் மாட்டேம்பாங்க, அது சென்னையிலயும் அப்படித்தானே, அதை ஏமாத்துன்னு சொல்ல மாட்டேன். ஏறுறதுக்கு முன்னாடி ரேட்டு பேசிக்கோங்க, அவ்வளவுதான்.

ஆனா பேசுறப்ப நம்மாளுங்க விழுற இடம் ஒண்ணு இருக்கு, இதை யாரும் சொல்லித் தர மாட்டாங்க. பள்ளிக்கூடத்துல ஏக், தோ, தீன் படிச்சிருப்போம், ஆனா இங்க 150-ஐ டேட் சௌ-ன்னு சொல்லுவாங்க, 250 டாயி சௌ, 125 சவா சௌ, 350 ஸாடே தீன் சௌ, 175-க்கு பௌனே தோ சௌ. நமக்கு காதுல "தோ சௌ" மட்டும் விழும், இருநூறைக் குடுத்துட்டு வந்துருவோம். நான் வந்த புதுசுல ஒரு காய்கறிக்காரர்கிட்ட "பச்சீஸ்"னு அவர் சொன்னதை பச்சாஸ்னு கேட்டு இருபத்தஞ்சுக்கு அம்பது குடுத்தேன், பாவம் அவரே மீதியைத் திருப்பிக் குடுத்தாரு. எல்லாரும் அப்படி இருக்க மாட்டாங்களே. 17 சத்ரஹ், 70 சத்தர், இதுவும் குழப்பும். கூச்சமே படாதீங்க, போன்ல கால்குலேட்டரைத் திறந்து நீட்டுங்க, அவங்களே அடிச்சுக் காட்டுவாங்க.

ரேட்டு பேசுறப்ப மூணு கேள்வி சேத்துக் கேக்கணும்: மொத்த ஆளுக்குமா, போக வரவா, ஷேரிங்கா. சாந்தினி சௌக் மெயின் ரோட்டுல காலை ஒன்பதுலேருந்து ராத்திரி ஒன்பது வரைக்கும் மோட்டார் வண்டி விட மாட்டாங்க, சைக்கிள் ரிக்‌ஷாதான், அங்க ஏறுறப்ப அம்பதுன்னுவாங்க, இறங்குறப்ப தலைக்கு அம்பதுன்னுவாங்க. ஈ-ரிக்‌ஷாவும் அப்படித்தான், ஷேரிங்னு நினைச்சு ஏறினா "புக்கிங் பண்ணீங்களே"ன்னு கேப்பான்.

ஐநூறு ரூபா நோட்டு குடுத்தா வாய் விட்டு "பாஞ்ச் சௌ"ன்னு சொல்லிக் குடுங்க. டக்குன்னு கையை கீழ கொண்டு போய் நூறு ரூபாயை எடுத்துக் காட்டி "நீங்க நூறுதான் குடுத்தீங்க"ங்கிற வித்தை தெரிஞ்ச டிரைவருங்க இருக்காங்க. சில்லறை வச்சுக்கிட்டா அந்தத் தலைவலியே இல்ல.

சுத்திப் பாக்குற இடத்துல

"லால் கிலா (செங்கோட்டை) இன்னிக்கு லீவு சார், மந்திரி வர்றாரு, நான் வேற நல்ல இடம் காட்டுறேன்" – அந்த நல்ல இடம் அவனுக்குக் கமிஷன் தர்ற ஒரு எம்போரியமாத்தான் (பெரிய கடை) இருக்கும். அதனால எது எப்ப லீவுன்னு நீங்களே தெரிஞ்சு வச்சுக்கோங்க. செங்கோட்டை, அக்‌ஷர்தாம், லோட்டஸ் டெம்பிள், நேஷனல் மியூசியம் எல்லாம் திங்கக்கிழமை லீவு. தாஜ்மஹால் வெள்ளிக்கிழமை லீவு. குதுப் மினாரும் ஹுமாயூன் சமாதியும் எல்லா நாளும் உண்டு. மத்த நாள்ல யாராவது மூடியிருக்குன்னு சொன்னா கேட்டு வரைக்கும் போய்ப் பாத்துட்டுத் திரும்புங்க, நடக்கிறது உடம்புக்கும் நல்லது. ஆனா ஒண்ணு, சுதந்திர தினத்துக்கு முன்னாடி செங்கோட்டை நிஜமாவே மூடியிருக்கும், அதனால ஆகஸ்ட் மாசம் வர்றவங்க மட்டும் முன்னாடியே விசாரிச்சுக்கோங்க.

தாஜ்மஹாலுக்கு இந்தியர்களுக்கு 50 ரூபா, உள்ள சமாதி மண்டபத்துக்கு ஏறணும்னா கூட 200. இலங்கைலேருந்து வர்றவங்களுக்கு சார்க் நாட்டு ரேட்டு 540, மத்த வெளிநாட்டு பாஸ்போர்ட்டுக்கு 1,100, அந்த 200 இவங்களுக்கும் தனி. டிக்கெட்டை தொல்லியல் துறையோட சைட்டுலயே எடுத்துருங்க. "லைன் நிக்காம கூட்டிட்டுப் போறேன்"ங்கிறவனுக்குத் தனி லைன் எதுவும் கிடையாது, அதே செக்யூரிட்டி க்யூவுலதான் அவனும் நிப்பான். ஆக்ரா போற டாக்ஸி டிரைவரு மார்பிள் கடைல "அஞ்சே நிமிஷம், வாங்க வேணாம், சும்மா பாருங்க"ன்னு நிறுத்துவாரு. ஏறுறதுக்கு முன்னாடியே கடைக்கெல்லாம் போக மாட்டோம்னு சொல்லிருங்க, முகம் கொஞ்சம் சுருங்கும், பரவாயில்ல.

பாஷ்மினா சால்வை பத்தியும் கேப்பீங்க. அசல்னு நம்ப வைக்க மோதிரத்துக்குள்ள இழுத்துக் காட்டுவாங்க, மெல்லிசான பாலியெஸ்டர் கூடத்தான் மோதிரத்துல போகும். கைவினைப் பொருள் வாங்கணும்னா கன்னாட் பிளேஸ் பக்கத்துல பாபா கடக் சிங் மார்க்ல வரிசையா மாநில அரசு எம்போரியங்க இருக்கு, விலை போட்டிருக்கும், நம்ம பூம்புகாரும் அங்கதான் இருக்கு. டெல்லி வந்து பூம்புகார்ல வாங்கிட்டுப் போன அத்தை ஒருத்தங்களும் எங்க வீட்டுல உண்டு, அது அவங்க இஷ்டம்.

கன்னாட் பிளேஸ்ல நடக்குறப்ப திடீர்னு ஷூ மேல சாணி மாதிரி ஏதோ விழுந்திருக்கும், அதே நொடி ஒருத்தன் பிரஷ்ஷோட வந்து "சார் டர்ட்டி"ம்பான். போட்டது அவனேதான். நிக்காம நடங்க, குழாய்ல கழுவிக்கலாம். காது சுத்தம் பண்றேன்னு வர்றவங்ககிட்ட காதைக் குடுக்கவே குடுக்காதீங்க, உள்ளேருந்து எடுத்தேன்னு கல்லெல்லாம் காட்டுவாங்க. அங்கேயே தரைக்கடியில இருக்கிற பாலிகா பஜார்ல போன், எலக்ட்ரானிக்ஸ் வேணாம், காட்டுறது ஒண்ணு கட்டித் தர்றது ஒண்ணு. துணிமணின்னா கேக்குற விலைல மூணுல ஒரு பங்குலேருந்து பேச ஆரம்பிங்க.

கோயில் குளம் விஷயத்துல பங்களா சாஹிப் குருத்வாரா மாதிரி ஒரு இடம் இல்ல. செருப்பு வைக்கிறது, தலைக்குத் துணி, சாப்பாடு எல்லாம் இலவசம், யாரும் கை நீட்ட மாட்டாங்க. ஆனா சில இடங்கள்ல நோட்டுப் புத்தகத்தை நீட்டி "முன்னாடி வந்தவங்க ரெண்டாயிரம் எழுதியிருக்காங்க பாருங்க"ன்னு காட்டுவாங்க, உண்டியல் எங்க இருக்குன்னு கேட்டு அதுல போட்டுருங்க. கேதார்நாத் ஹெலிகாப்டர் டிக்கெட் ஐஆர்சிடிசி-யோட ஹெலியாத்ரா சைட்டுல மட்டும்தான், வாட்ஸ்ஆப்ல வர்ற ஏஜென்ட் எல்லாம் டுபாக்கூர்.

யூபிஎஸ்சி படிக்க ராஜிந்தர் நகருக்கும் கரோல் பாகுக்கும் வர்ற தம்பிங்களுக்குத் தனியா ஒண்ணு. டேட்டிங் ஆப்ல ஒரு பொண்ணு பேசி, ரெண்டே நாள்ல நேர்ல பாக்கலாம்னு அவளே ஒரு கஃபே பேரைச் சொன்னா போகாதீங்கடா. போனா நாலு கேக், ரெண்டு கிளாஸ் ஏதோ வரும், அவளுக்கு வீட்டுலேருந்து அவசரப் போன் வந்துரும், பில்லு லட்சத்துல வரும், கதவுகிட்ட ரெண்டு தடியனுங்க. 2024-ல லட்சுமி நகர்ல சிவில் சர்வீஸ் படிக்கிற ஒரு பையன்கிட்ட இப்படித்தான் ஒரு லட்சத்து இருபதாயிரம் பிடுங்கினாங்க. வெக்கப்பட்டு யாரும் வீட்டுல சொல்ல மாட்டாங்க, அதுதான் அவங்களுக்கு முதலீடு. இடத்தை நீங்க சொல்லுங்க, கூட்டமான ஒரு மால்ல. அவ வரலன்னா புரிஞ்சுக்கோங்க.

தமிழ்ல பேசிட்டா நம்மாளுன்னு உருகிடுறதும் வேணாம். கரோல் பாக், ஜன்பத் கடைக்காரங்க "வாங்க அக்கா, ரேட்டு கம்மி"ன்னு அழகா தமிழ் பேசுவாங்க, அது வியாபாரத் தமிழ். நிஜமாவே நம்மாளுங்க வேணும்னா ஆர்.கே.புரம் பக்கம் போங்க, தமிழ்ச் சங்கம் அங்க இருக்கு, மலை மந்திர் இருக்கு, சாயங்காலம் முருகனைக் கும்பிட்டுட்டு வெளிய வர்ற மாமி யார்கிட்ட கேட்டாலும் எந்த பஸ்ஸு, எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கடைல நல்ல காப்பிப்பொடின்னு எல்லாமே சொல்லிருவாங்க. நீங்க போதும்னாலும் விட மாட்டாங்க.

இவ்வளவுக்கும் அப்புறம் பணம் போயிருச்சுன்னா, அங்கேயே நின்னு சண்டை போடாதீங்க, அவன் ஆளு நாலு பேர் சுத்தி நிப்பான். வண்டி நம்பரை, கடை போர்டை போட்டோ எடுத்துட்டு வெளிய வந்து போலீஸ் அவசர நம்பர் 112-க்குப் போடுங்க. யூபிஐ-ல போச்சுன்னா உடனே சைபர் மோசடி நம்பர் 1930, எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுறீங்களோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தைப் போன அக்கவுன்ட்டுலயே நிறுத்த சான்ஸ் உண்டு, ராத்திரி தூங்கி எழுந்து காலைல பண்ணலாம்னு விட்டா போச்சு. ரயில் விஷயம்னா 139. டூரிஸ்டுக்குன்னே 1363-ன்னு ஒரு நம்பர் இருக்கு, பன்னெண்டு மொழில பேசுவாங்களாம், ஹிந்தி இங்கிலீஷோட ஜப்பான், கொரியா, அரபு வரைக்கும் இருக்கு, தமிழ் இல்ல. இங்கிலீஷும் வரல ஹிந்தியும் வரலன்னா 112-க்குப் போட்டுட்டு போனை பக்கத்துல இருக்க டீக்கடைக்காரர்கிட்ட குடுங்க, எந்த இடம்னு அவரே சொல்லிருவாரு. டீக்கடைக்காரரை நீங்க போய்ப் பிடிக்கணும், அவரா வந்து போனைக் கேட்டா குடுத்துராதீங்க.